கோள்களின் குழந்தைப் பருவம்

நாம் வாழும் பூமிக்கு வயது ஏறத்தாழ 450 கோடி ஆண்டுகள். சூரியன் அதற்குச் சற்றே மூத்தது. அதன் வயது 460 கோடி ஆண்டுகள் என்று விஞ்ஞானிகள் கணக்கிட்டிருக்கிறார்கள். இத்துணை நீண்ட காலம் வாழ்ந்துவிட்ட பூமி, தன் பிறப்பைப் பற்றிய சான்றுகளைத் தானே அழித்துக்கொண்டும் வந்திருக்கிறது. மழையும் காற்றும் மலைகளைக் கரைத்தன. எரிமலைகள் பழைய நிலத்தின்மேல் புதிய நிலத்தைப் பரப்பின. நிலப் பாளங்கள் ஒன்றின்கீழ் ஒன்றாகப் புகுந்து உருகின. இன்று நம் கைக்கு எட்டும் மிகப் பழைய பாறைகளின் வயது ஏறக்குறைய 400 கோடி ஆண்டுகளே. அதற்கு முந்திய காலத்துக்கு, சிறு சிறு மணித் துகள்களைத் தவிர, பூமியில் வேறு சாட்சியம் இல்லை. வரலாற்று நூலின் முதல் ஏடுகளே கிழிந்து போயின எனலாம்.

தன் குழந்தைப் பருவத்தை எவனும் நினைவில் வைத்திருப்பதில்லை. அண்டை வீட்டுக் குழந்தைகள் தவழ்வதையும் தள்ளாடி நடப்பதையும் கண்டே, தானும் இவ்வாறுதான் வளர்ந்திருக்க வேண்டும் என்று அவன் அறிகிறான். பூமியின் பிறப்பை அறிவதற்கும் இதுவே வழி. சூரியனைப் போன்ற பிற விண்மீன்களைச் சுற்றி அண்மையில் பிறந்த கோள்கள் உண்டா, அவை எவ்வாறு உருவாகின்றன என்று பார்க்க வேண்டும். ஆனால் அக்குழந்தைகளைக் காண்பது எளிதாக இருக்கவில்லை. அவை இருப்பதாக மனிதன் எண்ணத் தொடங்கியதற்கும் அவற்றைக் கண்ணால் கண்டதற்கும் இடையே இரண்டரை நூற்றாண்டுகள் கழிந்தன. அந்த வரலாற்றையே இப்பொழுது நாம் பார்க்கவிருக்கிறோம்.

1755-ஆம் ஆண்டில் ஜெர்மானியத் தத்துவ ஞானி இம்மானுவேல் கான்ட், தம் 31-ஆம் வயதில், வானத்தின் தோற்றத்தைப் பற்றி ஒரு நூல் எழுதினார். ஆதியில் பரவிக் கிடந்த பொருள் ஈர்ப்பினால் ஒன்றுசேர்ந்து, சுழன்று, தட்டையாகி, நடுவில் சூரியனாகவும் சுற்றிலும் கோள்களாகவும் திரண்டது என்பது அவர் கருத்து. 1796-இல் பிரெஞ்சுக் கணித மேதை லாப்லாஸ் ஏறக்குறைய இதே கொள்கையைத் தம் வழியில் வகுத்துரைத்தார். கோள்கள் யாவும் ஒரே திசையில், ஏறத்தாழ ஒரே தளத்தில் சூரியனை வலம்வருவது இக்கொள்கைக்குப் பெருந்துணையாக நின்றது.

இதில் அடங்கிய ஒரு முடிவை நாம் உன்னிப்பாகக் கவனிக்க வேண்டும். விண்மீன் பிறக்கும்பொழுதே கோள்களும் உடன் பிறக்கின்றன என்றால், வானில் உள்ள விண்மீன்களில் பெரும்பாலானவற்றுக்குக் கோள்கள் இருக்க வேண்டும். அப்பொழுது பூமியைப் போன்ற உலகம் அதிசயம் அன்று. இயற்கையின் அன்றாட விளைவே ஆகும்.

ஆயினும் பத்தொன்பதாம் நூற்றாண்டில் இக்கொள்கைக்கு ஒரு கடுமையான தடை எழுந்தது. கைகளை விரித்துச் சுழல்பவர் கைகளை மடக்கிக்கொண்டால் சுழற்சி விரைவாவதை நாம் பார்த்திருக்கிறோம். அதேபோல், பரந்த வாயு மேகம் சுருங்கிச் சூரியனாகி இருந்தால், சூரியன் மிக விரைவாகச் சுழல வேண்டும். உண்மையிலோ அது ஒருமுறை சுழல ஏறக்குறைய 25 நாட்கள் எடுத்துக்கொள்கிறது. சூரிய மண்டலத்தின் பொருளில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்குக்கு மேல் சூரியனிடமே உள்ளது. சுழற்சியின் வலிமையிலோ மிகச் சிறு பங்குதான் அதனிடம் இருக்கிறது. எஞ்சியது கோள்களிடம் உள்ளது. இம்முரண்பாட்டுக்கு அக்காலத்தில் விடை கிடைக்கவில்லை.

ஆகவே இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வேறொரு கொள்கை தலையெடுத்தது. அமெரிக்காவில் சேம்பர்லினும் மோல்டனும், பின்னர் இங்கிலாந்தில் ஜேம்ஸ் ஜீன்ஸும், சூரியனுக்கு மிக அருகே வேறொரு விண்மீன் கடந்து சென்றது என்றும், அதன் ஈர்ப்பினால் சூரியனிலிருந்து இழுக்கப்பட்ட பொருளே கோள்களாயிற்று என்றும் கூறினார்கள். விண்மீன்களுக்கு இடையே உள்ள தூரமோ மிகப் பெரிது; இரண்டு விண்மீன்கள் அவ்வளவு நெருங்குவது அரிதினும் அரிது. எனவே கோள்கள் என்பவை பேரண்டத்தில் எங்கோ ஒன்றிரண்டு இடங்களில் நேர்ந்த விபத்து என்ற எண்ணம் படித்தவர்களிடையே ஒரு தலைமுறைக் காலம் நிலவியது. மனிதன் வானத்தில் தனியன் என்பதற்கு விஞ்ஞானமே சான்று கூறுவது போல் இருந்தது.

1939-இல் லைமன் ஸ்பிட்சர் என்ற அமெரிக்க விஞ்ஞானி இதனையும் கணித்துப் பார்த்தார். சூரியனுக்குள்ளிருந்து இழுக்கப்பட்ட வாயு மிகக் கொதிப்புடையது; அது திரண்டு கோளாகும் முன்பே வெளியில் சிதறிப் போகும் என்று அவர் காட்டினார். 1944-இல் ஜெர்மனியில் வைஸ்ஸாக்கர் பழைய மேகக் கொள்கையைப் புதுப்பித்தார். சோவியத் நாட்டு அறிஞர் விக்டர் சஃப்ரோனோவ் 1969-இல் வெளியிட்ட நூலில், தூசி கல்லாகி, கல் குன்றாகி, குன்று கோளாகும் வளர்ச்சியைப் படிப்படியாகக் கணித்துக் காட்டினார். ஆனால் இவை அனைத்தும் காகிதத்தில் போட்ட கணக்குகளே. கண்கண்ட சான்று ஒன்றேனும் அப்பொழுது இல்லை.

சான்று தேடியவர்கள் இல்லாமல் இல்லை. அத்தேடலின் தொடக்க ஏடுகளில் நம் நாட்டுக்கும் ஓர் இடமுண்டு. சென்னை நுங்கம்பாக்கத்தில் கிழக்கிந்தியக் கம்பெனியார் 1792-இல் நிறுவிய வானாராய்ச்சி நிலையம் ஒன்று இருந்தது. 1855-இல் அதன் தலைவராக இருந்த காப்டன் ஜேக்கப், 70 ஒஃபியூக்கி என்னும் இரட்டை விண்மீனை ஆராய்ந்தார். ஒன்றையொன்று சுற்றும் அவ்விரண்டின் பாதை கணக்குக்குச் சிறிது பிசகி இருப்பதைக் கண்டு, கண்ணுக்குப் புலப்படாத கோள் ஒன்று அங்கே இருக்கக்கூடும் என்று அவர் எழுதினார். சூரியனல்லாத வேறொரு விண்மீனுக்குக் கோள் உண்டு என்று அளவைகளின் துணைகொண்டு உரைத்த மிகப் பழைய கூற்றுகளுள் அது ஒன்று. அந்நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்காவில் ஸீ என்பவர் அதே விண்மீனைப் பற்றி அதே கருத்தை மீண்டும் வலியுறுத்தினார். 1899-இல் மோல்டன், நாம் மேலே குறிப்பிட்ட அதே மோல்டன், ஸீ கூறியவாறு ஒரு கோள் அங்கே நிலைத்திருக்கவே முடியாது என்று கணித்துக் காட்டினார். சென்னையில் எழுந்த அந்த நம்பிக்கை அத்துடன் முடிவுற்றது.

இருபதாம் நூற்றாண்டிலும் இத்தகைய ஏமாற்றம் நேர்ந்தது. 1963-இல் அமெரிக்காவில் வான் டி காம்ப், நமக்கு மிக அருகே உள்ள பெர்னார்டு விண்மீன் நேர்கோட்டில் செல்லாமல் சிறிது தள்ளாடுவதாகவும், வியாழனைவிடப் பெரிய கோள் ஒன்று அதனை அசைப்பதாகவும் அறிவித்தார். பாடநூல்களும் அதனை ஏற்றன. 1973-இல் வேறு தொலைநோக்கிகளால் எடுத்த படங்களை அளந்தவர்களுக்கு அத்தள்ளாட்டம் தென்படவில்லை. வான் டி காம்ப் பயன்படுத்திய தொலைநோக்கியின் வில்லையை மாற்றியமைத்த காலத்தில் பிற விண்மீன்களும் அவ்வாறே இடம் பெயர்ந்ததாகத் தோன்றின என்பது தெரியவந்தது. அசைந்தது விண்மீன் அன்று, கருவியே. 2024-இல் அதே பெர்னார்டு விண்மீனைச் சுற்றி உண்மையாகவே ஒரு சிறு கோள் கண்டறியப்பட்டது. ஆனால் அதற்கும் பழைய அறிவிப்புக்கும் யாதொரு தொடர்பும் இல்லை.

நிற்க. கோள்களைத் தேடியவர்கள் ஒருபுறம் இவ்வாறு இடர்ப்பட, மற்றொருபுறம் விண்மீன்களின் இளமையைப் பற்றிய அறிவு வளர்ந்துகொண்டிருந்தது. நம்முடைய ரோகிணி நட்சத்திரம் உள்ள ரிஷப ராசியில் கரிய தூசி மேகங்கள் பல உள்ளன. அவற்றை ஒட்டி, ஒளி ஒழுங்கின்றிக் கூடியும் குறைந்தும் வரும் விண்மீன்கள் சில இருப்பதை 1945-இல் ஆல்ஃப்ரெட் ஜாய் தனி வகையாகப் பிரித்துக் காட்டினார். அவற்றுக்கு டி டாரி விண்மீன்கள் என்பது பெயர். 1947-இல் ஆர்மீனிய வானியலறிஞர் அம்பார்ட்சுமியன், இவை கூட்டங்கூட்டமாக இருப்பதையும், அக்கூட்டங்கள் நெடுங்காலம் கலையாமல் இருக்க முடியாது என்பதையும் எடுத்துக்காட்டி, இவை அண்மையில் பிறந்தவை என்று நிலைநாட்டினார். வானில் விண்மீன்கள் இன்றும் பிறந்துகொண்டிருக்கின்றன என்ற பேருண்மை இவ்வாறு தெளிவாயிற்று. தொட்டில் எங்கே இருக்கிறது என்பது தெரிந்துவிட்டது; தொட்டிலில் குழந்தை உண்டா என்பதே அடுத்த வினா.

1983 ஜனவரியில் அமெரிக்கா, நெதர்லாந்து, பிரிட்டன் ஆகிய மூன்று நாடுகளும் சேர்ந்து ஐராஸ் என்ற செயற்கைக் கோளை அனுப்பின. நம் கண்ணுக்குப் புலப்படாத அகச்சிவப்புக் கதிர்களை, அதாவது வெப்பக் கதிர்களை, அது அளந்தது. கருவியைச் சோதிப்பதற்காக, நாம் அபிஜித் என்று அழைக்கும் பிரகாசமான விண்மீனை அளவுகோலாக வைத்துக்கொண்டார்கள். அந்த அபிஜித்தே எதிர்பார்த்ததைவிட மிகுதியான வெப்பக் கதிர்களை வீசியது. விண்மீனைச் சுற்றித் தூசி பரவியிருக்கிறது, அத்தூசி வெப்பமுற்று அக்கதிர்களை வீசுகிறது என்பதே அதற்குப் பொருள். வேறு சில விண்மீன்களும் அவ்வாறே இருக்கக் கண்டார்கள். அவற்றுள் ஒன்றான பீட்டா பிக்டோரிஸை 1984-இல் ஸ்மித், டெரில் என்ற இருவர் தென் அமெரிக்காவின் சிலி நாட்டிலிருந்து படம் பிடித்தார்கள். விண்மீனின் ஒளியை மறைத்து எடுத்த அப்படத்தில், இருபுறமும் நீண்ட ஒரு மெல்லிய கோடு தெரிந்தது. பக்கவாட்டில் பார்த்த தூசித் தட்டு அது. சூரியனுக்கும் பூமிக்கும் உள்ள தூரத்தைப் போல் 400 மடங்கு வரை அது பரவியிருந்தது. கான்ட் மனக்கண்ணால் கண்டதை 229 ஆண்டுகளுக்குப் பின் மனிதன் ஊனக்கண்ணால் கண்டான்.

தட்டைக் கண்டாயிற்று, ஆனால் கோள் எங்கே? 1952-இல் ஆட்டோ ஸ்ட்ரூவ் என்ற அறிஞர் ஒரு சிறு குறிப்பு எழுதியிருந்தார். பெரிய கோள் ஒன்று தன் விண்மீனுக்கு மிக அருகே சில நாட்களில் ஒருமுறை சுற்றிவந்தால், அதன் ஈர்ப்பினால் விண்மீன் முன்னும் பின்னும் அசையும். அவ்வசைவை நிறமாலையில் அளக்கலாம். கோள் குறுக்கே கடந்தால் விண்மீனின் ஒளி சிறிது மங்கும். அதனையும் அளக்கலாம் என்பது அக்குறிப்பின் சாரம். பெரிய கோள்கள் விண்மீனுக்குத் தொலைவில்தான் இருக்கும் என்று எண்ணிய அறிஞருலகம் அதனைப் பெரிதாகப் பொருட்படுத்தவில்லை. 43 ஆண்டுகள் கழித்து, 1995-இல், சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த மிஷேல் மேயரும் டிடியே கெலோவும் அந்த முறையாலேயே 51 பெகாசி என்ற விண்மீனுக்குக் கோள் உண்டென்று கண்டார்கள். நம் பூரட்டாதிக்கு அருகே, 50 ஒளியாண்டுத் தொலைவில் உள்ளது அவ்விண்மீன். வியாழனில் பாதி நிறையாவது கொண்ட அக்கோள் 4.2 நாட்களில் ஒருமுறை தன் சூரியனைச் சுற்றிவிடுகிறது. இக்கண்டுபிடிப்புக்காக 2019-இல் அவ்விருவருக்கும் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது.

மகிழ்ச்சியுடன் ஒரு திகைப்பும் பிறந்தது. கொதிக்கும் விண்மீனின் அருகே அவ்வளவு பெரிய வாயுக்கோள் திரண்டிருக்க முடியாதென்றே பலரும் கருதினர். அது தொலைவில் பிறந்து பின்னர் உள்நோக்கி நகர்ந்திருக்க வேண்டும். எப்பொழுது நகர்ந்தது? பிறந்தவுடனா, பல கோடி ஆண்டுகள் கழித்தா? முதிர்ந்த கோளைப் பார்த்து இதற்கு விடை சொல்ல இயலாது. இளங்கோள்களைக் கண்டே தீர வேண்டும் என்ற நிலை இவ்வாறு ஏற்பட்டது.

இளங்கோளைப் படம் பிடிப்பதில் ஓர் இடையூறும் ஒரு வசதியும் உள்ளன. இடையூறு இது: சூரியனின் ஒளி வியாழன் பிரதிபலிக்கும் ஒளியைப் போல் ஏறத்தாழ 100 கோடி மடங்கு மிகுந்தது. கலங்கரை விளக்கின் அருகே பறக்கும் மின்மினியைப் பல காதத் தொலைவிலிருந்து காண முயல்வது போன்றது அது. வசதி என்னவெனில், புதிதாகப் பிறந்த கோள், தான் திரண்டபொழுது உண்டான வெப்பத்தினால் தணலைப் போல் கனன்றுகொண்டிருக்கும். அகச்சிவப்புக் கதிர்களில் பார்த்தால், விண்மீனுக்கும் அதற்கும் உள்ள வேறுபாடு பன்மடங்கு குறைந்துவிடும். முதியவற்றைவிட இளையவற்றையே எளிதில் காணலாம் என்பது இத்துறையின் விந்தை.

இரண்டு பழைய யோசனைகள் இப்பணிக்குக் கைகொடுத்தன. பிரான்சில் பெர்னார் லியோ, கிரகணம் இல்லாத காலத்திலும் சூரியனின் ஒளிவட்டத்தைக் காண்பதற்காக, நடு ஒளியை மறைக்கும் கருவி ஒன்றை 1930-ஐ ஒட்டி அமைத்தார். 1953-இல் அமெரிக்காவில் ஹோரஸ் பாப்காக், காற்று மண்டலத்தின் சலனத்தால் ஒளி நடுங்குவதை, உருமாறும் கண்ணாடியைக் கொண்டு உடனுக்குடன் திருத்தலாம் என்று எழுதினார். அக்காலத்தில் அதற்கேற்ற கணிப்பொறிகள் இல்லை. கணிப்பொறியும் பெருந்தொலைநோக்கிகளும் வந்த பிறகே அவ்விரு யோசனைகளும் இணைந்து பயன் தந்தன.

2004-இல் சிலியிலுள்ள ஐரோப்பியப் பெருந்தொலைநோக்கியால், ஏறக்குறைய 1 கோடி ஆண்டு வயதுள்ள ஒரு மங்கலான பொருளின் அருகே கோள் ஒன்று படம் பிடிக்கப்பட்டது. ஆனால் அது சுற்றியது முழு விண்மீனை அன்று. விண்மீனாக வளர இயலாமல் நின்றுபோன பழுப்புக் குறுமீனை. 2008 நவம்பரில், எச்.ஆர். 8799 என்ற இளவிண்மீனைச் சுற்றி மூன்று கோள்கள் இருக்கும் படத்தைக் கிறிஸ்தியன் மாருவாவும் அவருடைய குழுவினரும் வெளியிட்டார்கள். 2010-இல் நான்காவதும் கிடைத்தது. ஏறக்குறைய 130 ஒளியாண்டுத் தொலைவில், வியாழனைப் போல் பல மடங்கு நிறையுள்ள நான்கு கோள்கள் தங்கள் சூரியனை வலம்வருவதை, ஆண்டுதோறும் எடுத்த படங்களை வரிசைப்படுத்தி இன்று நாம் கண்ணாரக் காணலாம். பீட்டா பிக்டோரிஸின் கோளையும் ஆன்மரி லக்ராஞ்சின் குழுவினர் கண்டார்கள். 2003-இல் எடுத்த படத்தில் ஒருபுறம் தெரிந்த ஒளிப்புள்ளி, 2009-இல் விண்மீனின் மறுபுறம் தோன்றியது. கோள் சுற்றுகிறது என்பதற்கு வேறென்ன சான்று வேண்டும்? 2014-இல் அதன் சுழற்சியையும் அளந்தார்கள். ஏறக்குறைய 2 கோடி ஆண்டு வயதுள்ள அந்தக் கோளில் ஒரு நாள் என்பது 8 மணி நேரமே.

ஆனால் வானம் ஏமாற்றுவதையும் நிறுத்தவில்லை. எச்.ஆர். 8799-இன் படம் வெளிவந்த அதே நாளில், ஃபோமல்ஹாட் என்ற விண்மீனுக்கும் கோள் உண்டென்று ஹப்பிள் தொலைநோக்கியின் படம் ஒன்று அறிவித்தது. நாளடைவில் அப்புள்ளி விரிந்தும் மங்கியும் மறைந்தது. அது கோளன்று, இரண்டு பனிக்குன்றுகள் மோதியதால் எழுந்த தூசி மேகமாகவே இருக்கக்கூடும் என்று 2020-இல் வெளிவந்த ஆராய்ச்சி கூறியது. டி.டபிள்யூ. ஹைட்ரே என்ற இளவிண்மீனுக்குக் கோள் உண்டென்று 2008 தொடக்கத்தில் வந்த அறிவிப்பும் அவ்வாண்டிலேயே கேள்விக்குள்ளாயிற்று. இளவிண்மீன்களின் முகத்தில் பெரும்பெரும் கரும்புள்ளிகள் உண்டு. விண்மீன் சுழலும்பொழுது அப்புள்ளிகள் வந்து போவது, கோளின் ஈர்ப்பால் நிகழும் அசைவைப் போலவே தோன்றும். 70 ஒஃபியூக்கி புகட்டிய பாடத்தை ஒவ்வொரு தலைமுறையும் மீண்டும் கற்கவேண்டியிருக்கிறது. ஒரு முறையால் கண்டதை மற்றொரு முறையாலும் காணும் வரையில் பொறுத்திருக்க வேண்டும் என்பதே அப்பாடம்.

சிலியின் அட்டகாமா பாலைநிலத்தில், கடல் மட்டத்துக்கு மேல் 5000 மீட்டர் உயரத்தில், 66 வானொலி உணர்கொம்புகள் கொண்ட ஆல்மா என்னும் நிலையம் இருக்கிறது. 2014-இல் அது எச்.எல். டாரி என்ற விண்மீனை நோக்கியது. ரோகிணிக்கு அருகே தோன்றினும், 450 ஒளியாண்டுத் தொலைவில் உள்ள இவ்விண்மீனின் வயது 10 லட்சம் ஆண்டுகளுக்கு மேற்படாது என்று கருதப்படுகிறது. நீரில் கல்லெறிந்தாற்போல் வளையம் வளையமாக ஒளியும் இருளும் மாறி மாறி அமைந்த தட்டொன்று அப்படத்தில் தெரிந்தது. வளரும் கோள்கள் தங்கள் பாதையிலுள்ள தூசியை வாரிக்கொள்வதாலேயே அவ்விருண்ட இடைவெளிகள் உண்டாயின என்று பலர் கருதினார்கள். அவ்வாறாயின், கோள்கள் நாம் எண்ணியதைவிட மிக முந்தியே பிறக்கத் தொடங்கிவிடுகின்றன.

இடைவெளியைக் கண்டால் போதாது. அதனுள் கோளையும் காண வேண்டும் அல்லவா? 2018-இல் அதுவும் நிறைவேறியது. 370 ஒளியாண்டுத் தொலைவிலுள்ள பி.டி.எஸ். 70 என்ற விண்மீனின் வயது ஏறத்தாழ 50 லட்சம் ஆண்டுகள். அதன் தட்டின் நடுவே உள்ள அகன்ற இடைவெளியில் ஒரு கோள் படம் பிடிக்கப்பட்டது. 2019-இல் இரண்டாவது கோளும் புலப்பட்டது. ஹைட்ரஜன் வாயு அவற்றின்மீது வந்து விழும்பொழுது எழும் செந்நிற ஒளியையும் கருவிகள் பதிவு செய்தன. கோள் உணவுண்டு வளர்வதை நேரில் கண்டோம் என்று சொல்வது மிகையாகாது. 2021-இல் ஆல்மா, அவ்விரண்டாவது கோளைச் சுற்றியே ஒரு சிறு தட்டு இருப்பதைத் தெளிவாகக் காட்டியது. நம் சந்திரனைப் போன்ற மூன்று துணைக்கோள்களை ஆக்குவதற்குப் போதிய தூசி அதில் உண்டு. 2025-இல் விஸ்பிட் 2 என்ற, சூரியனை ஒத்த இளவிண்மீனின் தட்டில், வளையங்களுக்கு இடையே அமைந்த இடைவெளி ஒன்றினுள்ளும் ஒரு கோள் காணப்பட்டது. வளையங்களுக்கு இடையே கோள் இருக்கும் என்ற ஊகத்துக்கு அது நல்ல சான்றாயிற்று.

இவை யாவும் பெருங்கோள்கள். விண்மீனுக்குத் தொலைவில் உள்ளவை. அருகில் உள்ள இளங்கோள்களை மற்றொரு வழியாலே கண்டார்கள். கோள் குறுக்கே கடக்கும்பொழுது விண்மீனின் ஒளி மங்குவதை அளப்பது அவ்வழி. 2016-இல் கெப்ளர் விண்கலத்தின் அளவைகளால், கே2-33 என்ற விண்மீனுக்கு 5.4 நாட்களில் சுற்றும் கோள் உண்டென்று தெரிந்தது. அவ்விண்மீனின் வயது 50 லட்சம் முதல் 1 கோடி ஆண்டுகள் வரை. 2020-இல், 32 ஒளியாண்டு அண்மையிலுள்ள ஏ.யு. மைக் என்ற இளவிண்மீனுக்கும் 8.5 நாட்களில் சுற்றும் கோள் கிடைத்தது. 2024-இல், 30 லட்சம் ஆண்டுகளே ஆன விண்மீன் ஒன்றின் முன்னால் ஒரு கோள் கடந்து செல்வதைக் கண்டார்கள். சூரியனை 46 வயது மனிதராக வைத்துக்கொண்டால், இக்கோள் பிறந்து 11 நாட்களே ஆன குழந்தை.

51 பெகாசி எழுப்பிய வினாவுக்கு இவற்றிடம் ஒரு பகுதி விடை உண்டு. ஒரு கோடி ஆண்டுகளுக்குள்ளாகவே சில கோள்கள் விண்மீனின் அருகே வந்து அமர்ந்துவிட்டன. வாயுத் தட்டு கலையும் முன்பே அவை உள்நோக்கி நகர்ந்திருக்க வேண்டும், அல்லது அங்கேயே பிறந்திருக்க வேண்டும். எல்லாக் கோள்களும் நெடுங்காலம் கழித்தே மெல்ல மெல்ல இடம் மாறின என்று இனிச் சொல்ல இயலாது.

வேறொன்றையும் இக்குழந்தைகள் நமக்குக் கற்பிக்கின்றன. முதிர்ந்த விண்மீன்களின் அருகே பூமியைவிடச் சற்றுப் பெரிய கோள்கள் மிகுதி. ஆனால் 2017-இல் அவற்றின் அளவுகளை வரிசைப்படுத்தியபொழுது, பூமியைப் போல் ஒன்றரை மடங்கு முதல் இரண்டு மடங்கு வரை விட்டமுள்ளவை குறைவாக இருக்கக் கண்டார்கள். இளங்கோள்களிலோ பல, முதிர்ந்தவற்றைவிட உப்பிப் பருத்துக் காணப்படுகின்றன. பிறந்தபொழுது பெரும் வாயுப் போர்வையுடன் இருந்த கோள்கள் நாளடைவில் குளிர்ந்து சுருங்குகின்றன; சில தம் போர்வையை விண்மீனின் கதிர்களுக்கு இழந்து பாறை மட்டும் எஞ்ச நிற்கின்றன. அவ்வாறு நிகழ்ந்திருந்தால் அந்த இடைவெளிக்கு விளக்கம் கிடைத்துவிடுகிறது. காற்று மண்டலம் ஒரு கோளிடம் நிலைப்பதா நீங்குவதா என்பது உயிர் வாழ்க்கைக்கே அடிப்படை ஆதலால், இது வெறும் அளவைப் பற்றிய ஆராய்ச்சி அன்று.

தட்டுகளின் ஆயுளைப் பற்றியும் நாம் தெளிவாக அறிந்திருக்கிறோம். 30 லட்சம் ஆண்டுகளுக்குள் ஏறக்குறையப் பாதி விண்மீன்கள் தம் தட்டை இழந்துவிடுகின்றன. 1 கோடி ஆண்டுகளுக்குள் பெரும்பாலும் எல்லாமே இழந்துவிடுகின்றன. வியாழன் போன்ற வாயுக்கோள்கள் அதற்குள் வளர்ந்து முடிந்தாக வேண்டும். முதலில் பாறைக் கரு திரண்டு பின்னர் வாயுவை ஈர்த்ததா, அல்லது தட்டின் ஒரு பகுதி தானே நொறுங்கிக் கோளாயிற்றா என்பது நெடுநாளைய வழக்கு. 2025-இல் ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி எச்.ஆர். 8799-இன் கோள்களில் கரியமில வாயுவைக் கண்டது. கனமான தனிமங்கள் அங்கே மிகுந்திருப்பது முதல் கட்சிக்கே சாதகமாக உள்ளது. அதே ஆண்டில் அதே தொலைநோக்கி, டி.டபிள்யூ.ஏ. 7 என்ற இளவிண்மீனின் அருகே சனிக்கோளின் நிறையை ஒத்த ஒன்றைப் படம் பிடித்தது. அதுவரை நேரே படம் பிடித்த கோள்களில் அதுவே மிக இலேசானது.

ஹெர்ஷல் என்ற பேரறிஞர் 1789-இல் வானத்தை ஒரு தோட்டத்துக்கு ஒப்பிட்டார். ஒரு செடி முளைத்துப் பூத்து வாடுவதை இருந்து பார்க்க நமக்கு ஆயுள் போதாது. ஆயினும் முளையும் தளிரும் பூவும் சருகும் ஒரே தோட்டத்தில் ஒரே நாளில் கிடைக்குமானால், வரிசைப்படுத்தி அறிந்துகொள்ளலாம் என்பது அவ்வுவமையின் கருத்து. கோள்களின் வரலாற்றையும் இன்று நாம் அவ்வாறே தொகுத்துக்கொண்டிருக்கிறோம். எச்.எல். டாரி முளை, பி.டி.எஸ். 70 தளிர், பீட்டா பிக்டோரிஸ் இளஞ்செடி, நம் சூரிய மண்டலமோ காய்த்துக் கனிந்த மரம்.

கோள்கள் அரியதொரு விபத்தா, அன்றாட விளைவா என்ற பழைய வழக்கில் தீர்ப்பு வந்துவிட்டது என்றே சொல்லலாம். 2025 செப்டம்பரில், உறுதி செய்யப்பட்ட பிற சூரியக் கோள்களின் எண்ணிக்கை 6000-ஐ எட்டியது. பிறக்கும் விண்மீன்களைச் சுற்றித் தட்டுகள் இருப்பது வழக்கமாகவும், இல்லாதிருப்பது விலக்காகவும் இருக்கக் காண்கிறோம். கான்ட்டின் பக்கம் வழக்கு வென்றது. ஜீன்ஸின் தனிமை வானம் மறைந்தது.

ஆனால் வழக்கின் மற்றொரு பாதி எஞ்சி நிற்கிறது. பூமியை ஒத்த சிறிய பாறைக்கோள் ஒன்றை அதன் குழந்தைப் பருவத்தில் இன்னும் எவரும் படம் பிடித்ததில்லை. நம் பூமி முழு உருவடையப் பல கோடி ஆண்டுகள் ஆயின. அதன் இறுதிக் கட்டத்தில் நேர்ந்த ஒரு பெருமோதலே சந்திரனைத் தந்தது என்பது பெரும்பாலோர் கொள்கை. அத்தகைய மோதல்கள் வேறிடங்களிலும் வழக்கமாக நிகழ்வனவா, அல்லது நமக்கு வாய்த்தது தனி நல்வாய்ப்பா என்பது தெரிய வேண்டும். சிலியில் 39 மீட்டர் கண்ணாடியுடன் கட்டப்பட்டு வரும் ஐரோப்பியத் தொலைநோக்கி போன்ற கருவிகள் அத்திசையில் நம் பார்வையை நீட்டும். கோள்கள் பெருவழக்கு என்று அறிந்துகொண்ட நாம், பூமியும் பெருவழக்குதானா என்று அறிய இன்னும் பொறுத்திருக்க வேண்டும். இத்துறையின் வரலாறு முழுதும் அப்பொறுமைக்குக் கிடைத்த பயனே ஆகும்.